முப்பத்தொன்றும் ஒன்றும்

பத்தாவது நாளும் கரகரப்பு போகவில்லை.

சனிக்கிழமை காலை என் குளத்தில் பிடித்த ஒரு சாக்கு கிராஃபிஷை, அந்தச் சேற்று இறாலை, முதுகில் போட்டுக்கொண்டு வீட்ரின் வீட்டுக்குப் போனேன். தெற்குக் காற்று மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தது. சுவர்கள் வியர்த்திருந்தன. கொடியில் போட்ட துணி போட்டபடியே ஈரமாகக் கிடந்தது. விதைநெல் தூவும் விமானம் மாமூ ஊர்ப் பக்கமிருந்து வருவதும் என் குளத்துக்கு மேல் திரும்புவதுமாக இருந்தது.

நோலன் வீட்ரினின் ஒலிப்பதிவுக் கூடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு அது எரிவாயு உருளை விற்ற கடை. நோலன் தரையில் மண்டியிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு எந்த ஓட்டை?” என்றேன்.

“பதினொண்ணு.”

“நேத்து ஒன்பதுன்னு சொன்ன.”

“ஒன்பது நேத்தே போச்சு. பத்து ராத்திரி போச்சு.”

“எலி மாதிரி சொல்ற.”

“எலின்னா பொறி வைப்பேன், ஹார்லின். சாக்கை வெளிய வை. தண்ணி சொட்டுது.”

பலகை என்று அவர் சொல்வது ஒரு நீளமான இரும்புப் பட்டை. அதில் இரண்டு வரிசைத் துளைகள், வரிசைக்கு இருபத்துநான்கு. கூடத்தில் ஓடும் எல்லாக் கம்பிகளும் அந்தத் துளைகளுக்குப் பின்னால் வந்துதான் முடியும். மைக்குகள் மேல்வரிசையில் வந்து சேரும். பதிவு எந்திரத்துக்குப் போகும் கம்பிகள் கீழ்வரிசையிலிருந்து கிளம்பும். இரண்டு முனையிலும் பித்தளை பிளக் வைத்த ஒரு முழ நீளக் கம்பிக் கயிற்றால் எதையும் எதோடும் இணைக்கலாம். கயிறு செருகாத நேரத்தில் மேல்துளையின் தகடும் கீழ்த்துளையின் தகடும் உள்ளுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். செருகினால் விலகும். உருவினால் மறுபடி தொடும்.

தொட வேண்டும். பத்து நாளாகச் சரியாகத் தொடவில்லை.

அவர் மனைவி வெர்டிக்குத் தொண்டையில் கட்டி. திங்கட்கிழமை லாஃபியெட் ஆஸ்பத்திரியில் அறுவை. குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிறகு கருவி வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் அது வேறு குரல் என்றும் சொன்னார். அதுவரையிலும்கூட அவரால் நாளுக்கு அரை மணி நேரம்தான் பேச முடிந்தது. அதற்கு மேல் குரல் அடைத்துக்கொண்டது.

நோலன் அவரைப் பாடச் சொன்னார். முப்பத்தாறு வருடமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் பாட வைத்துப் பதிந்தவர்.

“பாட்டை எவளாவது பாடுவா. உன்னைத் திட்டறதுக்கு எவ வருவா?” என்றார் வெர்டி.

ஆஸ்பத்திரி உறையின் பின்பக்கத்தில் அவர் ஒரு பட்டியல் எழுதியிருந்தார். வீட்டில் தினமும் சொல்லும் வாக்கியங்கள். மொத்தம் முப்பத்தொன்று. அவற்றைப் பதிந்து வைக்க வேண்டும், சமையலறையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் குரலே நோலனைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. பத்து நாளாகத் தினமும் அரை மணி நேரம் மைக் முன்னால் உட்கார்ந்தார். தினமும் நாலாவது, ஐந்தாவது வாக்கியத்தில் கரகரப்பு வந்தது. நோலன் நிறுத்திவிட்டுக் குடைவார். அவர் முடிப்பதற்குள் குரல் தீர்ந்துவிடும்.

எட்டு மணிக்கு வெர்டி காப்பியோடு வந்தார். இடுப்பில் பட்டாணிக்காய்க் கூடை. காப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு நோலனைப் பார்த்தார்.

“இன்னைக்கு மத்தியானம் வரைக்கும்தான். நாளைக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வந்துருவாங்க. வந்து ஒவ்வொருத்தரும் என்னைப் பேச வைப்பாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி. பன்னண்டு மணிக்கு நான் போனை எடுத்து அதுல பேசிக்கறேன்.”

“போன்ல பேசினா டப்பாக்குள்ள மாட்டின ஈ மாதிரி இருக்கும். நீயேதான் கேட்டுட்டுச் சொன்ன.”

“ஈயாவது கத்தும்.”

“மிஸ் வெர்டி, பேசிப்பேசியே குரலைச் செலவு பண்றீங்க” என்றேன்.

அவர் என் தலையில் தட்டிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிறிய அறைக்குள் போனார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூடையை மடியில் வைத்துப் பட்டாணி உரிக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்து மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அதை நோலன் அழுத்திப் பேசினால் அவர் காதில் கேட்கும். விட்டால் கேட்காது.

பொத்தானை அழுத்தி, “பன்னண்டாவது ஓட்டைக்கு மாத்தியிருக்கேன். அது நல்லா இருக்கு” என்றார் நோலன்.

வெர்டி உறையை எடுத்தார்.

“ஒண்ணு. நோலன், சாப்பிட வா.”

தெளிவாக இருந்தது. பக்கத்தில் நின்று கூப்பிட்டதுபோல.

“ரெண்டு. செருப்பை வெளிய விட்டுட்டு வா. மூணு. மாத்திரை போட்டியா? நாலு. பொய் சொல்லாத, போட்டியா?”

நான் சிரித்தேன். நோலன் கையைக் காட்டி அடக்கினார். ஐந்தாவது வாக்கியத்தில் சூடான எண்ணெயில் தண்ணீர் தெறித்ததுபோல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு குரல் பாதியாகத் தேய்ந்து, போய், திரும்பி வந்தது.

நோலன் நிறுத்தினார். வெர்டி உறையைக் கீழே வைத்துவிட்டுப் பட்டாணியை எடுத்தார். எங்களைப் பார்க்கவில்லை.

நோலன் சுத்தம் செய்வதைப் பத்து நாளாகப் பார்த்து எனக்கே மனப்பாடம். பிளக் வடிவத்திலேயே ஒரு தேய்ப்பான் இருக்கிறது. அதைத் துளையில் விட்டுத் திருப்புவார். மணல்தாள் கூடவே கூடாது, முலாம் போய்விடும். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய காகிதப் பட்டையைத் தகடுகளுக்கு நடுவில் விட்டு இழுப்பார். பட்டை பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை இழுப்பார். பிறகு துரு நீக்கும் சொட்டு மருந்து. கடைசியில் ஒரு கயிற்றை எடுத்துச் செருகி உருவுவார், இருபது தடவை. உரசல்தான் சுத்தம் என்பார்.

எல்லாம் செய்து சோதித்தார். நன்றாக இருந்தது. கால் மணி நேரம் கழித்துச் சோதித்தார். கரகரத்தது.

“நான் ஒண்ணு கேக்கட்டா?” என்றேன்.

“கிராஃபிஷ்காரன் கேக்க என்ன இருக்கு?”

“எந்த ஓட்டை கெடவே இல்ல?”

நோலன் கயிற்றைக் கையில் வைத்தபடி யோசித்தார். “பன்னண்டுக்கு மேல எல்லாம் நல்லா இருக்கு.”

“ஏன்?”

“ஏன்னா... அதை நான் இன்னும் தொடல.”

சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுவரில் மாட்டினார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

“இது தப்பு” என்றார். “சும்மா கிடக்கற ஓட்டைதான் கெடும், ஹார்லின். தூசி, கறுப்பு எல்லாம் அதுலதான் படியும். தினம் செருகற ஓட்டை கெடாது. அதுவே தன்னைத் தேச்சுக்கும். முப்பத்தாறு வருசமா நான் பாத்தது அதுதான். இங்க தலைகீழா இருக்கு. தொட்டது கெடுது. தொடாதது நல்லாருக்கு.”

“அப்ப தொடறதுதான் கெடுக்குது.”

“தொடறது யாரு? நான்தான்.”

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கவலை போய் வேறு ஒன்று வந்திருந்தது. குளத்தில் பொறி காலியாக வரும்போது எனக்கும் அப்படித்தான் வரும். கோபம் தீர்ந்து, அப்படியானால் எங்கே போகின்றன என்று தோன்றும் நேரம் அது.

“பத்து நாளா அந்தக் கரகரப்பு பின்னாடியே போய்ட்டிருக்கேன்னு நெனச்சேன்” என்றார். “அது எனக்குப் பின்னாடி வந்துட்டிருக்கு.”

கண்ணாடிக்கு அப்பால் வெர்டி பட்டாணியை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நோலன் கவனிக்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. புறங்கையால் துடைத்தார். பிறகு விரலால் தேய்த்தார்.

“ஐயோ.”

“என்ன?”

“எரியுது. கண்ணு எரியுது. ஏய், நீ கயிறைத் தொட்டியா?”

“நான் எதையும் தொடல.”

“உன் கையில கிராஃபிஷ் மசாலா இருந்திருக்கும்.”

“உயிரோட இருக்கறதைக் கொண்டாந்தேன்யா. உயிரோட இருக்கறதுல என்ன மசாலா?”

அவர் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தார். சிவந்த ஒற்றைக் கண்ணோடு மேசைக்கு எதிரே நின்றார். சுவரில் கயிறுகள் வரிசையாகத் தொங்கின. இருபத்துநான்கு. பிளக்குகள் பொன்போலப் பளபளத்தன. அப்படிப் பளபளத்து நான் முன்பு பார்த்ததில்லை. வேலை செய்யும் பித்தளை மங்கலாகத்தான் இருக்கும்.

நோலன் ஒரு கயிற்றை எடுத்தார். முகர்ந்தார். பிறகு பிளக்கின் நுனியை நாக்கில் வைத்தார்.

“என்ன பண்ற?”

“பேசாத.”

முகம் சுருங்கியது. “புளிப்பு” என்றார். “உப்பு.” சற்றுப் பொறுத்து, “காரம்.” இன்னும் பொறுத்து, மிக மெதுவாக, “பூண்டு.”

இழுப்பறையைத் திறந்து, உறை பிரிக்காத ஒரு கயிற்றை எடுத்துப் பிரித்து நாக்கில் வைத்தார். “ஒண்ணுமில்ல. வெறும் பித்தளை.” சுவரிலிருந்து நாலு கயிறுகளை எடுத்து ஒவ்வொன்றாக நக்கினார். என்னிடமும் ஒன்றை நீட்டினார். வைத்துப் பார்த்தேன்.

சொல்ல வேண்டியதில்லை. பழுத்த மிளகாய், காடி, உப்பு, பூண்டு. விஸ்கி பாட்டிலில் ஊற வைத்த மிளகாய் சாஸ். இந்தப் பகுதியில் எல்லா வீட்டிலும் சாஸ் உண்டு. பூண்டு இடித்துப் போடுவது வெர்டி மட்டும்தான்.

மாமூவில் செப்புக் காசை மிளகாய் சாஸில் போட்டுப் பளபளப்பாக்காத பிள்ளை கிடையாது. என் அம்மா மாதா படத்துக்கு முன்னால் இருக்கும் விளக்கையே அப்படித்தான் தேய்ப்பாள்.

நோலன் கையிலிருந்த கயிறுகளை மேசைமேல் போட்டார்.

“ரெண்டு வாரம் இருக்கும்” என்றார். “காலைல வந்து பாத்தேன். எல்லாம் பளபளன்னு தொங்குது. வெர்டிகிட்ட, நீயா துடைச்சேன்னு கேட்டேன். என் பதிவுக்கு எல்லாம் அழகா இருக்கட்டுமேன்னா. துணியால துடைச்சிருக்கான்னு நெனச்சேன்.”

“சாஸ் காஞ்சு போயிருக்குமே.”

“காடி காயும். உப்பு காயாது. பிளக்கோட இடுக்குல உக்காந்திருக்கு. செருகினா உள்ள போகுது. தெக்குக் காத்து அடிச்சா உப்பு தண்ணிய இழுக்குது. பித்தளை பச்சையாகுது. நான் ஓட்டையச் சுத்தம் பண்ணி, அதே கயிறை விட்டுச் சோதிச்சு, அடுத்த ஓட்டைக்கும் அதே கயிறை எடுத்துட்டுப் போயிருக்கேன்.” அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “அம்மைக்கு ஊசி போடப் போனவன் அம்மையைப் பரப்பின கதை.”

“ஸ்பிரிட் போட்டுத்தானே கழுவின?”

“உப்பு ஸ்பிரிட்ல கரையாது, முட்டாளே.” என்னைத்தான் பார்த்தார். ஆனால் தன்னைத்தான் சொன்னார். “தண்ணிலதான் கரையும். மின்சாரத்துல யாராவது தண்ணிய ஊத்துவாங்களா? அதனால பத்து நாளா நான் தண்ணிய நெனச்சே பாக்கல.”

“மிஸ் வெர்டிகிட்ட சொல்லிடலாம். சிரிப்பாங்க.”

“சொல்லாத.”

“ஏன்?”

“பத்து நாள், ஹார்லின். நாளுக்கு அரை மணி. அவகிட்ட மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். அத்தனையும் அவ துடைச்ச துடைப்புல போச்சுன்னு சொல்லச் சொல்றியா? திங்கக்கிழமை கத்திக்குப் போற பொம்பளைகிட்டயா?” அவர் குரல் இறங்கியது. “ஈரம்னு சொல்லுவோம். தெக்குக் காத்து ஈரம். பாதி உண்மைதானே.”

“பாதிதான்.”

“பாதி போதும். உன் கொட்டாயில பேட்டரித் தண்ணி இருக்கா?”

டிராக்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் என்னிடம் ஒரு ஜாடி இருந்தது. ஓடினேன். வரப்பில் சேறு. திரும்பி வந்தபோது மணி பத்தே கால். நோலன் இருபத்துநான்கு கயிறுகளையும் ஒரு வாளியில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்திருந்தார். பலகைப் பக்கத்து மின்சாரத்தை மட்டும் நிறுத்தியிருந்தார். தனக்கு வேண்டிய நான்கு துளைகளை மட்டும் கரித்துண்டால் குறித்திருந்தார்.

காகிதப் பட்டையைப் பேட்டரித் தண்ணீரில் நனைத்து இழுத்தார். பட்டை பச்சையாக வந்தது. பத்து நாளில் வராத பச்சை. அவர் அதை விளக்கருகே கொண்டுபோய் முன்னும் பின்னும் பார்த்தார். கண்டுபிடித்த ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு துளைக்கு ஒன்பது பட்டை. பிறகு, தண்ணீரை ஓட்ட, ஸ்பிரிட்.

“காய வைக்கணும். அவளோட ஹேர் டிரையர் வேணும்.”

நான் சிறிய அறையின் கதவைத் திறந்தேன். வெர்டி கூடை முழுக்க உரித்து முடித்திருந்தார். காதில் ஹெட்போன் இருந்தது.

“மிஸ் வெர்டி, உங்க ஹேர் டிரையர் எங்க இருக்கு?”

அவர் குரலைச் செலவழிக்கவில்லை. விரலால் வீட்டைக் காட்டி, பிறகு மேலே, பிறகு இடது பக்கம் காட்டினார். உதடுகளை இறுக்கி வைத்திருந்தார். அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

“எல்லாம் ஈரம், மிஸ் வெர்டி” என்றேன். “தெக்குக் காத்து.”

அவர் தலையை ஆட்டினார்.

பதினொன்றரைக்கு நோலன் இழுப்பறையிலிருந்து புதிய கயிறுகள் இரண்டை எடுத்தார். செருகினார், உருவினார். இருபது தடவை நான் எண்ணினேன். மின்சாரத்தைப் போட்டார். மைக்கைத் திறந்தார். கூடத்தில் அந்த அறையின் அமைதி நிறைந்தது. வெர்டி மூச்சு விடுவது கேட்டது. வேறொன்றும் இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தார். விமானம் வந்து திரும்பிப் போனது. அதன் சத்தமும் சுத்தமாக விழுந்தது.

“ஆரம்பி” என்று கையைக் காட்டினார்.

வெர்டி ஒன்றிலிருந்தே ஆரம்பித்தார். நோலன், சாப்பிட வா. செருப்பை வெளிய விட்டுட்டு வா. ஒன்பதாவது, பம்பை நிறுத்து. பதினொன்றாவது, அந்தச் சட்டையப் போட்டுட்டுப் பூசைக்கு வராத. பதினாலாவது, சோறு குழைஞ்சாலும் சாப்பிடு. பதினேழாவது வந்தபோது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஹார்லின், உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இருபதுக்கு மேல் குரல் கரகரக்க ஆரம்பித்தது. நோலனின் கை பலகைக்குப் போனது. பிறகு நின்றது. அது கம்பியின் கரகரப்பு இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இருபத்தாறு, வெளக்கை அணை. இருபத்தேழு, குறட்டை விடாத, திரும்பிப் படு. முப்பது, எங்க போனாலும் சொல்லிட்டுப் போ. முப்பத்தொன்று நாய்க்கு. பூதா, உள்ள வா. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, எங்களைத் தாண்டி, ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றது.

நோலன் எந்திரத்தை நிறுத்தக் கையை நீட்டினார்.

“நிறுத்தாத” என்றார் வெர்டி.

நோலன் நிறுத்தவில்லை. வெர்டி உறையை மடித்துக் கூடையில் போட்டார். மைக்குக்குக் கிட்டே வந்தார். குரல் ஏறக்குறைய காற்றாகியிருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

“ஈரமாம், ஈரம். பொய் சொல்றதுக்கு முன்னாடி பொத்தான் மேலேந்து கயிறை எடுக்கணும், கிழவா.”

நான் மேசையைப் பார்த்தேன். நோலன் நக்கிப் பார்த்துப் போட்ட நாலு கயிறுகளை வாளிக்கு எடுத்துப்போன பிறகும், அவை கிடந்த இடத்தில் பொத்தான் அழுந்தியபடியே சிக்கியிருந்தது. பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலை முழுக்க எரிந்திருக்கிறது.

கண்ணாடிக்கு அப்பால் வெர்டியின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நோலன் அவரைப் பார்த்தார். ஒற்றைக் கண் இன்னும் சிவப்பாக இருந்தது. இப்போது இரண்டும்.

மத்தியானம் கிராஃபிஷ் குழம்பும் சோறும் பட்டாணியும் சாப்பிட்டோம். மேசையில் சாஸ் பாட்டில் இருந்தது. யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை. வெர்டிதான் கடைசியில் எடுத்து நோலன் தட்டில் நாலு சொட்டு விட்டார்.

திங்கட்கிழமை குரல்வளை முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

ஜூன் மாதம் நோலன் அந்தப் பெட்டியைச் செய்து சமையலறைச் சுவரில் மாட்டினார். முற்றத்துக் கம்பத்தில் ஒலிபெருக்கி. முதல் பொத்தானின் குரல் மத்தியானம் என் குளத்துக்குக் கேட்கும். நான் பொறி தூக்குவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவேன். மற்றபடி வெர்டி பெட்டியை அதிகம் தொடுவதில்லை. கை தட்டுவார், கரண்டியால் சட்டியை அடிப்பார். பெட்டியைவிட அதுதான் சீக்கிரம் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். நோலன்தான் வாரத்துக்கு ஒருமுறை எல்லாப் பொத்தான்களையும் இருபது தடவை அழுத்துவார். சும்மா கிடந்தால் கெட்டுவிடும் என்பார். அந்த நேரம் நாய் வீட்டுக்குள் வருவதும் போவதுமாக இருக்கும்.

போன வாரம் யூனிஸ் ஊரிலிருந்து ஒரு அக்கார்டியன்காரர் ஒரு பை நிறையக் கயிறுகளோடு வந்தார். அவருடைய பலகையில் கரகரப்பு. நாலு நாளாக இடம் மாறிக்கொண்டே இருக்கிறதாம். நோலன் காப்பியைக் கீழே வைத்தார். கயிறுகள் பளபளத்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஒண்ணுமில்ல” என்றார் நோலன். “தெக்குக் காத்து. ஈரம்தான்.”

வெர்டி அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் மாவு. திரும்பாமல், முழங்கையைத் தூக்கி, கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

“ஈரமாம், ஈரம்...” என்று முற்றம் முழுக்கக் கேட்டது.

அக்கார்டியன்காரர் பயந்து சுற்றிப் பார்த்தார். நோலன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“உங்க வீட்ல இதை யாரு துடைச்சது?”